எங்கள் வீட்டுக் கதையை ஊர் ஏன் படிக்கிறது?

கேள்வி:

ஐயா, வணக்கம். பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. ஒன்றரை ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். நான் பத்தாவது வரை படித்தவள். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு கையெழுத்து இதழ் தயாரித்து, நகல் எடுத்து, சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் கொடுக்கிறார்கள். இரண்டு வருஷமாக அதில் எழுதுகிறேன். எல்லாம் வீட்டில் நடப்பதுதான். புழுவுக்கு நோய் வந்த வாரம், கூடு விற்கத் தருமபுரி போன நாள், மாமியார் சமையல், சினை பிடிக்காத எங்கள் மாடு, இப்படி. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "அந்த மாடு அப்புறம் என்ன ஆச்சும்மா?" என்று கேட்கிறார்கள்.

ஓசூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார், "நீங்க என்ன பெரிய தலைவரா அண்ணி? உங்க வீட்டுக் கதையைப் படிச்சு ஊருக்கு என்ன லாபம்? உருப்படியா பட்டு வளர்ப்பைப் பத்தி எழுதுங்க" என்றார். சரி என்று, சுண்ணாம்புக்கட்டி நோயைத் தடுப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதம், மாமியார் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வதைப் பற்றி எழுதினேன். பல்லில் கறை, அதனால். அதைப் படித்துவிட்டு ஒரு அம்மா வீடு தேடி வந்து அழுதார். ஆனால் விஷயம் தெரிந்ததிலிருந்து மாமியார் என்னோடு பேசுவதில்லை.

சாதாரணமான எங்கள் வாழ்க்கையை ஜனங்கள் ஏன் படிக்கிறார்கள்? நான் தொடர்ந்து எழுதலாமா? இதைப் புத்தகமாகப் போடலாமா? எங்கள் தெருவில் பத்தாவது படிக்கிற ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், அதையும் எழுதலாமா? மாமியாரைப் பற்றிய கட்டுரையோடு இன்னும் இரண்டு கட்டுரைகளையும் இதோடு வைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் இருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணைப் பற்றி இப்போது எழுத வேண்டாம். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தகவல் சொன்னவர் யார் என்பதை வெளியே விட மாட்டார்கள். 18 வயது முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடத்தி வைக்கிற பெரியவர்களும் தண்டனைக்கு உரியவர்கள். நம் மாநிலத்தில் மாவட்டச் சமூக நல அலுவலர்தான் இதைத் தடுக்கும் அதிகாரி. அந்தப் பெண்ணின் தலைமையாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பொதுத்தேர்வு முடிந்து கோடை விடுமுறை விட்டதும்தான் இப்படிப் பிள்ளைகள் காணாமல் போவார்கள். ஜூன் மாதம் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போதுதான் ஆசிரியர்களுக்கே தெரியவரும். உங்கள் இதழ் வெளிவர ஒரு மாதம் ஆகும், கல்யாணம் அதுவரை நிற்காது. எழுதுவதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. பெயர் போடாவிட்டாலும் அது யார் வீடு என்று உங்கள் ஊருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் பெண் தலைநிமிர்ந்து பள்ளிக்குப் போக முடியாது. அவள் படித்து, வளர்ந்து, ஒருநாள் தானாகவே அதை எழுதட்டும். அது அவளுடைய கதை.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன்.

ஊரார் உங்களைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறார்கள் என்று நீங்களும் நினைக்கிறீர்கள், உங்கள் கொழுந்தனாரும் நினைக்கிறார். அதனால்தான் "நான் என்ன பெரிய ஆளா" என்ற சங்கடம் உங்களுக்கு வருகிறது. முதல் ஒன்றிரண்டு மாதம் அப்படியும் இருந்திருக்கலாம். அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் ஆசை யாருக்கும் உண்டு. ஆனால் அந்த ஆசை இரண்டு வருஷம் தாங்காது. அடுத்த ஊர்க்காரருக்கு உங்கள் வீட்டு ரகசியத்தில் என்ன அக்கறை இருக்க முடியும்? முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் என் எண்ணத்தைச் சொல்கிறேன். அவர்கள் உங்கள் கட்டுரையில் தங்கள் வீட்டைத்தான் படிக்கிறார்கள். தங்கள் வீட்டில் நடந்ததும் எழுத்தில் ஏறத் தகுந்ததுதான் என்பதை உங்கள் மூலமாகத் தெரிந்துகொள்கிறார்கள். உங்களைத் தேடி வந்து அழுத அந்த அம்மாவுக்கும் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

மாமியாரின் பல்லைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். நம் மாவட்டத்தின் தண்ணீர்க் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. பாறை நிலம். ஆழ்துளைக் கிணறு போடப் போட, பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு தண்ணீரோடு சேர்ந்து வருகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது என்பது கணக்கு. நம் பக்கத்தில் எத்தனையோ ஊர்களின் தண்ணீர் அந்த எல்லையைத் தாண்டியது. காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. பல் உருவாகும் வயதில், ஏறக்குறைய 8 வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைக்குப் பல்லில் பழுப்புக் கறை விழுந்துவிடும். எந்தப் பற்பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கி வைத்தார்கள். காவிரித் தண்ணீர் தெருக் குழாய்க்கு வந்தது. புதிதாகப் பிறந்த பிள்ளைகளுக்கு அது பெரிய காப்பு. ஆனால் உங்கள் மாமியார் வயதுக்காரர்களின் பல்லை அது மாற்றவில்லை, மாற்றவும் முடியாது.

இவ்வளவையும் அரசாங்க அறிக்கைகள் சொல்லிவிட்டன. மில்லிகிராம் கணக்கு இருக்கிறது, பாதிக்கப்பட்ட ஊர்களின் பட்டியல் இருக்கிறது. நீங்கள் எழுதியது அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று. சிரிப்பு வரும்போதே கை தானாக மேலே போகிறது. கல்யாண போட்டோவில் உங்கள் மாமியார் ஒருவர் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறார். பேத்தி பிறந்ததும் முதல் வேலையாக அவள் குடிக்கப்போகும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார். நம் ஊர்களில் வளர்ந்த நடுவயதுக்காரர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வீட்டில் இப்படி வாயை மூடிச் சிரித்த ஒருவராவது இருந்திருப்பார். அவர்கள் அதை தினமும் பார்த்திருப்பார்கள். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் சொல்லும்படியான விஷயம் என்றே தோன்றியிருக்காது. அது எழுத்தாகி, கையில் ஒரு தாளாக வந்தபோது அந்த அம்மா தன் தாயையோ, தன்னையோ அதில் பார்த்துவிட்டார். அவர் உங்கள் மாமியாருக்காக அழுதார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பில் இதை நான் ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு "நான் ஒரு முதலமைச்சரானால்" என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால் வகுப்பு முழுவதும் ஒரே கட்டுரைதான் வரும். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதே வகுப்பிடம், "நேற்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதிலிருந்து தூங்கும்வரை நடந்ததை எழுது, எதையும் அழகாக்காதே" என்று சொல்லிப் பாருங்கள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் அப்பா போன் செய்கிறார், பேச ஒன்றும் இல்லாமல் இரண்டு பக்கமும் கொஞ்சநேரம் சும்மா இருக்கிறார்கள், அப்புறம் "சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிடுகிறார் என்று ஒரு பையன் எழுதி வாசிப்பான். பேனா மூடி வாயிலிருந்து இறங்கிவிடும். நம் மாவட்டத்தில் அப்பாவோ அம்மாவோ பெங்களூரிலும் திருப்பூரிலும் இருக்க, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. "எங்க வீட்லயும் அப்படித்தான் சார்" என்று ஒரு குரல் வரும், அப்புறம் இன்னொன்று. பாடப் புத்தகத்தைத் தொடாத பிள்ளை அன்றைக்கு அந்த நோட்டை வாங்கித் திரும்பப் படிக்கும். அடுத்த வாரம் கட்டுரையை அதிகமாக எழுதிக்கொண்டு வருவதும் பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான்.

கவனியுங்கள், அந்தப் பையன் தன் வருத்தம் எவ்வளவு பெரியது என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. போனில் இரண்டு பக்கமும் பேச்சில்லாமல் இருந்ததை எழுதினான். கேட்டவர்கள் தங்கள் வருத்தத்தைத் தாங்களே எடுத்து அதில் வைத்துக்கொண்டார்கள்.

"பெரிய தலைவரா" என்ற கேள்விக்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. ஊத்தங்கரையைத் தாண்டினால் வரும் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் கிடைத்தது. முதலாம் மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. கால்நடைகளைக் காக்கப் போராடி இறந்த ஒரு வீரனுக்கு எடுத்த கல். அவனோடு ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி, அது கள்ளனைக் கடித்துக் காவல் இருந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அரசனின் பெயர் இருக்கிற கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. இந்தக் கல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்த நாயின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். தன் வீட்டு நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட யாருக்கும் அந்தக் கல் ஒரு நொடியில் புரிந்துவிடுகிறது.

நம் தருமபுரிக்கே வருவோம். பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் போர்களைப் பற்றி நிறையப் பாட்டு இருக்கிறது. அவன் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 235ஆவது. அதில் ஒரு போரின் பெயர்கூட இல்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் சேர்ந்து குடித்து மகிழ்வான் என்கிறார். எலும்போடு கூடிய இறைச்சி கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்குத் தருவான், அம்பும் வேலும் பாயும் இடமெல்லாம் தான் போய் நிற்பான் என்கிறார். நரந்தம்பூ மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான் என்கிறார். தன் தலையில் புலால் நாற்றம் என்று தானே சொல்கிறார், பாருங்கள். ஒரு புலவர் தன்னை உயர்த்திக் காட்ட நினைத்திருந்தால் அதை விட்டிருப்பார். ஈராயிரம் ஆண்டு ஆகப்போகிறது. வகுப்பில் இந்த இடம் வரும்போது பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். கள்ளும் வேலும் அவர்களுக்குத் தெரியாது. செத்துப்போன ஒருவரின் கை தன் தலைமேல் இருந்தது எப்படி இருந்தது என்பது, தாத்தாவைப் பறிகொடுத்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும்.

ஆக, உங்கள் கொழுந்தனாரிடம் நீங்கள் கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சொன்னதை முழுவதும் தள்ளிவிடவும் வேண்டாம். அதில் ஒரு பாதி சரி.

நோய்த் தடுப்புக் கட்டுரையை யாரும் படிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். படித்திருப்பார்கள், வேண்டியதை எடுத்துக்கொண்டிருப்பார்கள். புழு மனையில் ஈரம் சேராமல் பார், காற்றோட்டம் விடு, செத்த புழுவை உடனே பொறுக்கி எடுத்து அழித்துவிடு, கிருமிநாசினியை முறையாக அடி என்பதையெல்லாம் பட்டு வளர்ச்சித் துறைக்காரர்கள் சொல்கிறார்கள், துண்டுப் பிரசுரத்திலும் இருக்கிறது. படித்தவருக்கு அதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டிய தேவை இல்லை. நீங்கள் அனுப்பியதில் அதுவும் ஒன்று என்பதால் சொல்கிறேன், அந்தக் கட்டுரையில் நீங்கள் இல்லை. உங்கள் வீட்டிலேயே அந்த நோய் வந்திருக்கிறது என்று கடிதத்தில் இருக்கிறது, கட்டுரையில் இல்லை. நாலாவது தோலுரிப்பும் முடிந்து, ஐந்தாம் பருவத்தில் புழு இலை தின்கிற சத்தம் மழை பெய்கிற மாதிரி மனை முழுக்கக் கேட்கும் என்று உங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். அந்தச் சத்தம் குறைந்ததை உங்கள் வீட்டில் முதலில் கவனித்தது யார்? சுண்ணாம்புத் துண்டு போல விறைத்துக் கிடந்த புழுவை விளக்கு வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தபோது வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள்? அந்த மாதம் எந்தக் கடனைத் தள்ளிப்போட்டீர்கள்? இதை எழுதி, அதற்குள்ளேயே ஈரத்தையும் காற்றோட்டத்தையும் மருந்தையும் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஒரு விவசாயி இரவில் எழுந்துபோய் மனையைத் திறந்து பார்ப்பார். துண்டுப் பிரசுரம் படித்தவரைவிட உங்கள் கட்டுரையைப் படித்தவர் எழுந்து போவதற்கு வாய்ப்பு அதிகம் என்று நான் நம்புகிறேன். உங்கள் கொழுந்தனார் கேட்ட பிரயோஜனமும் அதிலேயே வந்துவிடுகிறது.

மாட்டைப் பற்றி விசாரிக்கிறவர்கள் வேறொரு காரணத்தையும் காட்டுகிறார்கள். மாதாமாதம் தவறாமல் எழுதுகிறீர்கள். அதனால் படிக்கிறவருக்கு உங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. எந்தப் பக்கம் தொழுவம், மாமியார் எப்போது எழுந்திருப்பார், எந்த மாதம் கையில் காசு இருக்காது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அழகான ஒரே ஒரு கட்டுரை இதைச் செய்யாது. சுமாரான கட்டுரையானாலும் தொடர்ந்து வந்தால் செய்யும். பென்னாகரத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போனவர் ஊருக்கு வரும்போது உங்கள் இதழை வாங்கிப் போகிறார் என்றால், ஊரில் மழை பெய்ததா, கூடு என்ன விலைக்குப் போகிறது என்பதை அவருக்குத் தெரிந்த ஒரு குரலில் கேட்கப் போகிறார். அந்தக் குரல் நின்றால் அவருக்குத் தெரியும். உங்கள் கொழுந்தனாரும் ஓசூரில்தான் இருக்கிறார். ஒரு கட்டுரை விடாமல் படித்திருக்கிறார் போலிருக்கிறதே.

இதில் உங்களுக்கு ஒரு பொறுப்பும் வந்து சேர்கிறது. மாட்டைக் கட்டுரைக்குள் கொண்டுவந்தது நீங்கள். அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. சினை பிடித்ததோ, விற்றுவிட்டீர்களோ, சொல்லிவிட வேண்டும். விற்றதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தால் இரண்டு வரியில் சொன்னால் போதும்.

தொடர்ந்து எழுதுவதன் மதிப்புக்கு, புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்தார். காதால் கேட்பதையும் கண்ணால் காண்பதையும், கப்பல் வருவதையும் போவதையும், நடக்கிற புதுமைகளையும் எழுதப் போகிறேன் என்று சொல்லித்தான் தொடங்குகிறார். 1761இல் இறக்கும்வரை, கால் நூற்றாண்டு, அந்த நாட்குறிப்பு நடந்தது. வியாபாரம், வதந்தி, யார் யாரோடு சண்டை, யார் யாரைப் பற்றி என்ன சொன்னார், எல்லாம் அதில் இருக்கிறது. ஊரே படிக்க வேண்டும் என்று எழுதியதில்லை அது. இன்றைக்கு அந்தக் காலத்துப் புதுச்சேரியைப் பற்றி எழுத உட்காரும் எவரும் அதைத் திறக்காமல் எழுத முடியாது. எது பின்னால் பெரிதாகும், எது மறந்துபோகும் என்று அவர் பிரித்துப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. அன்றன்றைக்கு, தேதி போட்டு எழுதினார். உங்கள் கட்டுரைகளில் தேதி இல்லை. "போன மாதம்", "அன்றைக்கு" என்றுதான் இருக்கிறது. இனிமேல் தேதியும் வருஷமும் போடுங்கள். காவிரித் தண்ணீர் உங்கள் தெருக் குழாயில் முதலில் வந்தது எந்த மாதம் என்று மாமியாரைக் கேட்டால் தெரிந்திருக்கும். அதையும் எழுதி வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய மற்ற இரண்டு கட்டுரைகளிலும் மாற்ற வேண்டியதாக எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சந்தைக் கட்டுரையில், "அன்று விலை மிகவும் வீழ்ச்சியடைந்திருந்தது, மனம் மிகவும் வேதனை அடைந்தது" என்று ஒரு வரி. இது நாளிதழ் வரி. உங்கள் வரி அதற்கு நாலு வரி தள்ளி இருக்கிறது. ஏலம் முடிந்து வெளியே வந்து, மகளுக்கு வாங்குவதாகச் சொன்ன செருப்பை வாங்காமல் அந்தக் கடையைப் பார்க்காதது மாதிரி நடந்தீர்கள் என்கிற இடம். அதை வைத்துக்கொண்டு வேதனை வரியை எடுத்துவிடுங்கள். கிலோ என்ன விலைக்குப் போனது என்பதை எண்ணில் போடுங்கள். விலையைப் படித்ததும் ஒரு பட்டு விவசாயிக்கு உங்கள் வேதனை தானாகவே தெரியும்.

இரண்டு கட்டுரையின் கடைசிப் பத்தியும் "ஆகவே நாம் அனைவரும்" என்று ஆரம்பிக்கிறது. இது நாங்கள் பள்ளியில் பழக்கிவிட்ட பழக்கம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டு எழுதினால்தான் மதிப்பெண் என்று பழகியதால் வருவது. உங்கள் வாசகர் மதிப்பெண் போட உட்காரவில்லை. செருப்புக்கடை வரைக்கும் உங்களோடு நடந்து வந்தவரிடம், திடீரென்று திண்ணைமேல் ஏறி நின்று புத்தி சொன்னால் அவர் விலகிவிடுவார். அந்தப் பத்திகளை அடித்துவிடுங்கள். கட்டுரை சட்டென்று நின்றது போலத் தெரிந்தால் நிற்கட்டும்.

குறை சொல்லி எழுதுவதிலும் கவனம் தேவை. கூட்டுறவுச் சங்கக் கணக்கில் யாரோ ஏமாற்றியது, பங்காளி வரப்பை வெட்டியது போன்றவை எழுதும்போது கை வேகமாக ஓடும். அந்த இடங்களில் எழுதுகிறவர் தன்னை நல்லவராகவே காட்டிக்கொள்வார், படிக்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும். வழக்கு இருந்தால் அதை அதற்குரிய இடத்தில் நடத்துங்கள்.

இனி உங்கள் மாமியார். இந்தப் பதிலில் நான் மிகவும் யோசித்து எழுதும் பகுதி இதுதான்.

கட்டுரை நன்றாக இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவர் கோபம் நியாயமானது. சின்ன வயதிலிருந்து கையால் மூடி மறைத்ததை நீங்கள் தாளில் எழுதி ஊருக்குக் காட்டிவிட்டீர்கள். படித்தவர்கள் அன்போடுதான் படித்தார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. தெருவில் எதிரே வருகிறவர் தன் வாயைப் பார்க்கிறாரோ என்ற எண்ணம்தான் அவருக்கு வருகிறது. ஊருக்கு நல்லது நடந்தது என்று அவரிடம் வாதம் செய்ய வேண்டாம். முதலில், கேட்காமல் எழுதியது தப்புதான் என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், விளக்கம் சேர்க்காமல். கொஞ்ச நாள் போகட்டும். அவர் படிக்கத் தெரிந்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாதென்றால், அவர் கேள்விப்பட்டது யாரோ சொன்ன இரண்டு வார்த்தையாகத்தான் இருக்கும், அதுவும் எந்தத் தொனியில் சொன்னார்களோ தெரியாது. நல்ல நேரம் பார்த்து, வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, முழுக் கட்டுரையையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பேத்தியின் தண்ணீரைப் பற்றி வரும் இடத்தையும் சேர்த்து. வீடு தேடி வந்த அந்த அம்மாவைப் பற்றியும் சொல்லுங்கள். அவர்கள் இருவரும் ஒரே வயதுக்காரர்களாக இருந்தால், அந்த அம்மாவையே இன்னொரு நாள் வரச் சொல்லலாம், மாமியார் சரி என்றால்.

அதற்கப்புறமும் "என்னைப் பத்தி எழுதாதே" என்றால் எழுதக் கூடாது. அதில் பேச்சே இல்லை. உங்கள் வாழ்க்கை உங்களுடையது என்றாலும், அதில் வருகிறவர்களின் வெட்கமும் நோயும் கடனும் அவரவருக்குச் சொந்தம். பள்ளியில் பிள்ளைகள் வீட்டைப் பற்றி எழுதியதில் நான் வகுப்பில் வாசிக்கவிடாமல் தனியாக வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்தவை நிறைய உண்டு. அவை மட்டமானவை என்பதால் அல்ல, அப்பாவின் குடியும் அக்காவின் கல்யாணமும் அந்தப் பிள்ளை மட்டும் முடிவு செய்து வெளியே சொல்லக்கூடியவை அல்ல. எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. எழுதலாம், நோட்டில். இதழுக்குக் கொடுப்பது வேறு வேலை. இந்த இரண்டையும் நீங்கள் இப்போது ஒன்றாக வைத்திருக்கிறீர்கள், பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளைப் பற்றி எழுதுவதானாலும் அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள். செருப்புக் கதையை வகுப்பில் யாராவது அவளிடம் சொல்லிச் சிரித்தால் அதைத் தாங்க வேண்டியது அவள்.

புத்தகம் இப்போது வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு அச்சிட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். புத்தகக் கட்டு வீட்டுப் பரணில் ஏறிவிடும், கூடு விற்ற காசும் போய்விடும். உங்களுக்கு வாசகர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், இதழ் அவர்களிடம் போய்ச் சேருகிறது. உங்கள் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிப் போடாமல், தேதி எழுதி, தகரப் பெட்டியில் வையுங்கள். பூச்சி வராமல் இருக்க வேப்பிலை போட்டு வைப்பது நம் வழக்கம். ஒவ்வொரு இதழிலும் ஒரு பிரதியை நூலகத்திலேயே கட்டி வைக்கச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு மூன்று வருஷம் எழுதிய பிறகு, எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்துப் பார்த்து, பாதியை நீக்க மனம் வந்தால் எனக்கு எழுதுங்கள். அப்போது புத்தகத்தைப் பற்றிப் பேசலாம்.

அடுத்த இதழுக்கு நோய் வந்த அந்த வாரத்தைத் திரும்ப எழுதிக் கொடுங்கள். அதில் யாரையும் கேட்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டுக்காரரைத் தவிர.